விசிறியின் நுனியில் ஒரு கட்டி

கடலுக்குள் கிடக்கிற எதையும் கடல் சும்மா விடுவதில்லை, கண்ணுகளா. ஒரு பழைய செருப்பைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பாருங்கள். முதலில் அதன்மேல் வழவழவென்று ஏதோ படியும். அப்புறம் பாசி முளைக்கும். அப்புறம் குட்டிக் குட்டிச் சிப்பிகள், கூம்பு கூம்பாக வந்து உட்காரும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கெஞ்சினாலும் நகராது, மிரட்டினாலும் நகராது.

செருப்பில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? படகின் விசிறியில் உட்கார்ந்தால்தான் வம்பு.

விசிறி என்றதும் கையால் வீசிக்கொள்கிற விசிறியை நினைக்காதீர்கள். இது படகின் பின்பக்கம், தண்ணீருக்கு அடியில் சுற்றுவது. வெண்கலத்தில் செய்த பெரிய பூவைப் போல இருக்கும், மூன்றே இதழ்களோடு. எஞ்சின் அதைச் சுழற்றும். அது தண்ணீரைப் பின்னால் தள்ளும். படகு முன்னால் போகும். அந்த இதழ்களில் சிப்பி ஒட்டிக்கொண்டால், காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிற கதைதான்.

எறும்பின் அம்மா ஓட்டுகிற படகுக்கு அந்தக் கதைதான் நடந்தது.

எறும்பு என்பது ஒரு பத்து வயதுப் பெண்ணின் பட்டப்பெயர். அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எதையாவது தூக்கிக்கொண்டோ, துடைத்துக்கொண்டோ, அடுக்கிக்கொண்டோ இருப்பாள். அதனால் மாமா வைத்த பெயர் அது. அம்மாவின் தம்பிதான் மாமா. படகின் எஞ்சினுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான்.

அம்மாவின் படகு இந்தக் கரையில் ஆட்களை ஏற்றி அந்தக் கரையில் இறக்கும். கொஞ்ச நாளாக அது முனகிக்கொண்டே போனது. கறுப்புப் புகை கக்கியது. உட்கார்ந்திருப்பவர்களின் பல் கிடுகிடுக்கும்படி நடுங்கியது.

"நான் வேணும்னா இறங்கித் தள்ளட்டுமா?" என்று ஒரு பயணி கேட்டேவிட்டார்.

அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. ரெண்டு மழைக்காலம் காத்திருந்து அவள் வாங்கி மாட்டிய விசிறி அது. அதைப் போய் யாராவது குறை சொன்னால் அவளுக்குத் தாங்காது.

"விசிறி மேல தப்பில்லக்கா. சிப்பி குடியேறிடுச்சு. கரையேத்தணும்" என்றார் மாமா.

படகைக் கரையேற்ற அங்கே ஒரே ஒரு சாய்தளம்தான் இருந்தது. சிமெண்டுச் சரிவு ஒன்று அப்படியே கடலுக்குள் இறங்கும். அதில் தண்டவாளம், தண்டவாளத்தில் ஒரு சக்கரத் தொட்டில். கடல் ஏறி நிற்கும்போது படகைத் தொட்டிலில் உட்காரவைத்து, மேலே இருக்கிற வின்ச் இயந்திரத்தால் இழுப்பார்கள். இறக்குவதும் கடல் ஏறி நிற்கும்போதுதான். எல்லாப் படகுக்கும் அது ஒன்றே என்பதால் முறைவைத்து விடுவார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு நாள் காலை முதல் மறுநாள் சாயங்காலம் வரை. அதை விட்டால் அடுத்த முறை வர மாதக்கணக்கில் ஆகும்.

படகு தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்து நின்றது. எறும்பு குனிந்து பார்த்தாள். விசிறி இருந்த இடமே தெரியவில்லை. சிப்பியும் பாசியும் அப்பி, அது பெரிய கரடு முரடான காலிஃப்ளவரைப் போல இருந்தது.

"அம்மாடி! இத்தனை பேர் டிக்கெட் வாங்காம வந்திருக்காங்களே!" என்றாள் எறும்பு.

அம்மா சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

தகட்டால் சுரண்டினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். வெண்கலம் மஞ்சளாகப் பளிச்சென்று வெளியே வந்தது. ஒரு குழி இல்லை, ஒரு பொத்தல் இல்லை. அம்மா அதைப் பிள்ளையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவினாள்.

விசிறியின் நட்டநடுவில், நுனியில், ஒரு சின்னக் கட்டி போல்ட்டில் முடுக்கியிருந்தது. மாமா அதைக் கழற்றினார். எறும்பு எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். எலி கொறித்ததைப் போல அது அரித்துப் போயிருந்தது. பாதிக்கு மேல் காணோம்.

"ஐயையோ, இது என்ன மாமா?"

"ஜிங்க் கட்டி, துத்தநாகம்" என்று சொல்லிக்கொண்டே மாமா அதைத் தகர டப்பாவுக்குள் எறிந்தார். புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார். எலுமிச்சம்பழ அளவு, சாம்பல் நிறம், சின்னக் குல்லாயைப் போன்ற வடிவம். அவ்வளவுதான். மேற்கொண்டு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலை தலைக்கு மேல் கிடந்தது.

அடுத்துப் பூச்சு. முதலில் சாம்பல் நிறத்தில் ஓர் அடிப்பூச்சு. அது காய்ந்ததும் கண்ணாடியைப் போல நிறமே இல்லாத ஒரு மேல்பூச்சு.

"இது வழுக்குப் பூச்சு" என்றார் மாமா. "சிப்பிக்கு உட்கார்ந்தா பிடிமானம் கிடைக்காது. விசிறி வேகமாச் சுத்தினதும் வழுக்கிட்டுப் போயிடும்."

"நானும் பூசறேனே!"

"மூச்! விசிறியைத் தொடவே கூடாது" என்றாள் அம்மா. "விரல் பட்டா பிசுக்கு ஒட்டும். பிசுக்கு இருக்கிற இடத்துல பூச்சு உரிஞ்சு வந்துடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

மூன்று இதழ்களுக்கும் பூசி முடித்தார்கள். கைகழுவிவிட்டு, அம்மாவும் மாமாவும் கொட்டகை நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். எறும்பு முதலிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். படகுக்கு அடியில் போய் விசிறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

கட்டிக்குப் பூச்சே இல்லை!

அவள் மனசுக்குள் கணக்கு விறுவிறுவென்று ஓடியது. பூச்சு பூசினால் கடல் ஒன்றும் செய்யாது. பழைய கட்டியைக் கடல் அரித்துவிட்டது. அப்படியென்றால் போன தடவையும் யாரோ இதற்குப் பூச மறந்துவிட்டார்கள். இந்தத் தடவையும் மறந்துவிட்டார்கள். பாவம், கடைசிப் பிள்ளை என்றால் எல்லாருக்கும் மறதிதான்.

கிண்ணங்களில் இரண்டு பூச்சும் கொஞ்சம் கொஞ்சம் மீதி இருந்தன. தொடக்கூடாது என்று அம்மா சொன்னது விசிறியைத்தானே? கட்டி விசிறி இல்லையே!

மாமா செய்ததையெல்லாம் அவள் வரிசையாகச் செய்தாள். துணியால் துடைத்தாள். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தாள். அடிப்பூச்சு பூசினாள். காய்கிற வரைக்கும் காத்திருந்தாள். அவள் காத்திருப்பதென்றால் எவ்வளவு பெரிய விஷயம்! அப்புறம் மேல்பூச்சு. கட்டியும் சாம்பல், பூச்சும் சாம்பல். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்று ராத்திரி அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அடுத்த முறை படகு கரையேறும்போது, முழுசாக இருக்கிற கட்டியைப் பார்த்து மாமா என்ன முழி முழிப்பார்!

மறுநாள் மத்தியானம் தாண்டியதும் அவசரம் அண்ணன் வந்து சேர்ந்தார். அவருடைய படகுக்குத்தான் சாய்தளத்தில் அடுத்த முறை. அவருக்கு எல்லாமே அவசரம். சட்டையில் ஒரு பொத்தான் போட்டிருப்பார், மற்றதைப் போட நேரம் இருக்காது.

"என்னக்கா, முடிஞ்சுதா? இறக்கலாமா? தண்ணி ஏறுதே!"

"ஏறட்டும் தம்பி. உச்சிக்கு வந்தாத்தான் இறக்க முடியும். வந்து உட்காருங்க" என்றாள் அம்மா.

அவர் உட்காரவில்லை. தோளில் இருந்த சாக்கை 'தொம்'மென்று கீழே போட்டு, உள்ளே இருந்ததை உருட்டிக் காட்டினார். "ஆளை முங்கவிட்டுக் கழட்டிக்கிட்டு வந்தேன். இதைப் பாருங்க இந்த அநியாயத்தை!"

அது ஒரு விசிறி. விசிறி என்று சொல்லவே வருத்தமாக இருந்தது. நிறம் வெளுத்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. இதழின் ஓரமெல்லாம் தேன்கூட்டைப் போலக் குழி. ஒரு இதழின் நுனி பிஸ்கட்டைப் போல உடைந்தே போயிருந்தது.

"போன வருஷம்தான் வாங்கினேன். கடைக்காரன் மட்டமான வெண்கலத்தைத் தலையில கட்டிட்டான்" என்றார் அவசரம் அண்ணன். "நான் ஒண்ணும் பராமரிக்காம இல்ல. ஒரு மூலை விடாம நானே பெயிண்ட் அடிச்சேன்!"

மாமா வின்ச்சுக்கு எண்ணெய் போட மேலே போயிருந்தார். அம்மா தொட்டிலின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பு மட்டும் அந்த விசிறியின் பக்கத்தில் குந்தினாள்.

அதன் நடுவிலும் ஒரு கட்டி இருந்தது. அதே எலுமிச்சை அளவு. மேலே நீலப் பெயிண்ட். ஒரு கீறல் இல்லை. நேற்றுக் கடையில் வாங்கியதுபோல முழுசாக இருந்தது.

எறும்பின் சிரிப்பு மெல்ல நின்றுபோனது.

அவள் எழுந்து போய்த் தகர டப்பாவிலிருந்து தங்களுடைய பழைய கட்டியை எடுத்துவந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தாள். இதைப் பார்த்துவிட்டு, அம்மாவின் விசிறியைத் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் கட்டியைக் கடல் தின்றிருக்கிறது. எங்கள் விசிறியில் ஒரு குழி இல்லை.

இவருடைய கட்டி அப்படியே இருக்கிறது. இவருடைய விசிறியைக் கடல் தின்றிருக்கிறது.

கடலுக்குப் பசி ஒன்றுதான். கட்டி கிடைத்தால் கட்டியைத் தின்கிறது. கட்டி கிடைக்காவிட்டால்?

கட்டிக்குப் பூச யாரும் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள்.

தண்ணீர் சரிவில் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வோர் அலையும் முந்தைய அலையைவிடக் கொஞ்சம் மேலே வந்து தொட்டுவிட்டுப் போனது. மேலேயிருந்து மாமா கத்தினார்: "அக்கா! தண்ணி வந்தாச்சு! இறக்கலாமா?"

இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். விசிறி தண்ணீருக்குள் போய்விடும். மாதக்கணக்கில் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியும்போது, 'கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்று அம்மாவும் சொல்லுவாள். எறும்பை யாரும் சந்தேகப்படப்போவதில்லை.

அம்மா போகிறபோக்கில் விசிறியை ஒரு பார்வை பார்த்தாள். கன்னத்தைத் தடவுகிற அதே பார்வை.

"நிறுத்துங்க!" என்று எறும்பு கத்தினாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மாமா, இறக்காதீங்க! அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொல்லி முடித்தபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"விசிறியைத் தொடலம்மா. கட்டியைத்தான்... அதுக்கு மட்டும் யாருமே பூசலையேன்னு..."

மாமா ஓடிவந்து கட்டியை நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் வழுக்கியது. மறுபடி கீறினார். மறுபடியும் வழுக்கியது.

"அட! நான் பூசினதைவிட நல்லாப் பூசியிருக்காளே!"

"பாராட்டு விழாவை அப்புறம் வச்சுக்கலாம்டா" என்றாள் அம்மா. "இதை எடுக்க முடியுமா, முடியாதா?"

"ஏன் எடுக்கணும்?" என்று அவசரம் அண்ணன் குறுக்கே வந்தார். "பெயிண்ட் அடிச்சா நல்லதுதானே? தண்ணி உச்சிக்கு வந்துடுச்சு, இறக்குங்க! இப்ப விட்டா வடிஞ்சுடும். அப்புறம் உங்க படகும் இறங்காது, என் படகும் ஏறாது!"

எறும்பு பழைய கட்டியை அவர் கையில் வைத்தாள். "அண்ணா, இது எங்களோடது. பூச்சு இல்லாம இருந்தது. இப்ப உங்க கட்டியைப் பாருங்க. அப்புறம் ரெண்டு விசிறியையும் பாருங்க."

அவசரம் அண்ணன் பார்த்தார். இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எதையோ நிதானமாகப் பார்த்தார்.

"அப்போ... கடைக்காரன் ஏமாத்தலையா?"

"கடலுக்குப் போட்ட சாப்பாட்டை நீங்க மூடி போட்டு மூடிட்டீங்க" என்றார் மாமா. "அது வேற வழியில்லாம தட்டையே தின்னுடுச்சு."

மாமா கம்பி பிரஷ்ஷை எடுத்தார். கட்டியின்மேல் வைக்கப் போனார்.

"ஐயோ மாமா, வேண்டாம்! பிரஷ் வழுக்கி இதழ்ல பட்டா அந்தப் பூச்சும் கீறிடும்!"

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஆமா. கீறின இடத்துல முதல் சிப்பி வந்து உட்காரும்."

"கழட்டிடு" என்றாள் அம்மா. மாமா ஸ்பேனரைப் போட்டுப் போல்ட்டைத் திருகிக் கட்டியைக் கழற்றினார். உப்புத்தாளைத் தேடினால், நேற்றே எல்லாம் தேய்ந்து வெறும் காகிதமாகக் கிடந்தது. தகட்டால் சுரண்டினார். வழுக்குப் பூச்சாயிற்றே, தகடு சறுக்கிக்கொண்டு அவர் கட்டைவிரலைத்தான் பதம் பார்த்தது.

"வேற புதுசு?"

"கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கடல் வீட்டுக்குப் போயிடும்."

எறும்பு சுற்றும்முற்றும் பார்த்தாள். கொட்டகை, டப்பா, கயிறு, சரிவு... சரிவு! வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகவே விட்டிருந்த சிமெண்டுச் சரிவு. பள்ளிக்கூடத்தில் பையன்கள் புளியங்கொட்டையைத் தரையில் உரசி உரசி, பக்கத்தில் இருக்கிறவன் கையில் சூடு வைப்பார்களே! உரசி முடித்தால் கொட்டையில் ஒரு பக்கம் தோலே இருக்காது.

"குடுங்க மாமா!"

கட்டியை வாங்கித் தரையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, 'சர்... சர்...' என்று உரசினாள். திருப்பிப் பார்த்தாள். ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளி போலப் பளபளத்தது.

"அடி சக்கை!" என்றார் மாமா.

உரசினாள், உருட்டினாள், உரசினாள். கை வலித்தபோது அம்மா வாங்கி உரசினாள். அவள் கை ஓய்ந்தபோது மாமா உரசினார். தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை. ஏறிய இடத்திலேயே தளும்பிக்கொண்டிருந்தது.

"இங்க குடுங்க!" என்று அவசரம் அண்ணன் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "வேகத்துல என்னை மிஞ்ச இந்தக் கரையில ஆள் கிடையாது." அது உண்மைதான். தரையில் சாம்பல் பொடி பறந்தது.

அவர் உரசிக்கொண்டிருந்தபோது எறும்பு மெல்லக் கேட்டாள். "அம்மா, நேத்து எனக்கு இதைப் பார்த்துப் பாவமா இருந்தது. இப்பவும் பாவமாத்தான் இருக்கு. தின்னுடட்டும்னே மாட்டறோமே."

மாமா ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்தது. கடலுக்குள்ள இறங்கிட்டு, அதுக்கு ஒண்ணுமே கொடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. எதையாவது கொடுத்துத்தான் ஆகணும். எதைக் கொடுக்கறதுன்னு நாமளா முடிவு பண்ணினோம், அவ்வளவுதான்." அம்மா எறும்பின் கையைத் திருப்பி, சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். "எனக்குத் தோணினதை உன்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம். நீ எப்பவும் கேட்டுட்டேதான் இருப்பே. நான்தான் வேலை வேலைன்னு இருந்துட்டேன்."

"முடிஞ்சுது!" என்று எழுந்தார் அவசரம் அண்ணன். கட்டியில் ஒரு துளி பூச்சு இல்லை. முழங்காலில் இருந்த பேன்ட் துணியும் இல்லை.

கட்டியைக் கழுவித் துடைத்தார்கள். அம்மா ஸ்பேனரை எறும்பின் கையில் கொடுத்தாள். "இதழ்ல கை படாம மாட்டு."

எறும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினாள். மாமா கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கினார். பிறகு மேலே ஓடிப்போய் வின்ச்சைத் தளர்த்தினார். தொட்டில் கிரீச்சென்று முனகி, படகைச் சுமந்துகொண்டு கீழே இறங்கியது. அவசரம் அண்ணன் கூடவே நடந்து, "மெதுவா! மெதுவா!" என்று கத்தினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதே இல்லை.

எறும்பு முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ் இதழ் தண்ணீருக்குள் போனது. அடுத்து, நுனியில் நிலாத்துண்டைப் போல மின்னிய கட்டியை ஓர் அலை வந்து தொட்டது.

அவள் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, கடலிடம் சொன்னாள்:

"இது உனக்கு. விசிறி எங்கம்மாவுக்கு. சரியா?"